வருஷம், கம்பெனி, மாடல், இன்ஜின்

சவப்பெட்டியின் அருகே குனிந்து, இறந்தவரின் முகத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, "எண்பத்தி நாலு, முக்கா டன் பிக்கப். ரெண்டு ஆல்டர்னேட்டர், ஒரு வாட்டர் பம்ப். நல்ல மனுஷன்" என்றார் வெர்லின் குபிசெக். பக்கத்தில் நின்ற மனைவி ஆர்லிஸ் அவர் முழங்கையைக் கிள்ளினாள். இறந்தவரின் மகளோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மூணு ஆல்டர்னேட்டர், வெர்லின்" என்று திருத்தினாள்.

"மூணாவது என்கிட்ட வாங்கல" என்றார் வெர்லின்.

நெப்ராஸ்காவில் சோளக்காட்டுக்கு நடுவே உள்ள அந்தச் சிற்றூரில், கார் உதிரிபாகக் கடையின் கவுண்ட்டருக்குப் பின்னால் முப்பத்து நான்கு வருடம் நின்றவர் அவர். பெயர் மறந்துபோகும், பிறந்தநாள் மறந்துபோகும், கல்யாண நாள் இருமுறை மறந்திருக்கிறது. உதிரிபாகங்களின் எண் மட்டும் மறக்காது. எட்டு இலக்க எண்ணைக்கூட மற்றவர்கள் பைபிள் வசனம் சொல்வதுபோல மூச்சு விடாமல் சொல்வார். சொல்லும்முன் ஒவ்வொரு இலக்கத்துக்கும் உதடு மட்டும் சத்தமில்லாமல் ஒருமுறை அசையும்.

கடையில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. வருஷம், கம்பெனி, மாடல், இன்ஜின். இந்த நான்குக்கும் பதில் சொல்லாதவருக்கு ஒரு திருகாணிகூடக் கிடையாது. கழற்றிய சாமானை எண்ணெய் வழிய வழியக் கொண்டுவந்து கவுண்ட்டரில் வைத்து, "இதே மாதிரி ஒண்ணு குடு" என்று கேட்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. "இதே மாதிரி ஒண்ணு வேணும்னா கண்ணாடிக் கடைக்குப் போ. நான் விக்கிறது பார்ட்ஸு" என்று ஒருமுறை ஊர்ப் பாதிரியாரையே திருப்பி அனுப்பியிருக்கிறார். பாதிரியார் அதன்பிறகு தன் பிரசங்கத்தில் பொறுமையைப் பற்றி மூன்று வாரம் பேசினார்.

ஓய்வுபெற்று ஆறு வருடம் ஆகிறது. அவரிடம் இருக்கும் ஒரே சொத்துப்பெருமை, தொண்ணூற்றேழாம் வருடத்துப் பெரிய ஜப்பான் மோட்டார் சைக்கிள். இருவர் சொகுசாக உட்கார்ந்து மாநிலம் மாநிலமாகப் போகக்கூடிய வண்டி. முழங்கால் இரண்டும் ஒத்துழைக்க மறுத்த வருடம், மிசௌரியில் ஒரு சின்னக் கம்பெனி செய்துகொடுத்த சாமான்களை வாங்கி, பின்னால் இரண்டு சக்கரம் வைத்து மூன்று சக்கர வண்டியாக்கிக்கொண்டார். இரண்டு சக்கரத்திலேயே ஓட்டும் நண்பர் கேலன் ஆஸ்ட்ராண்டர், "என்ன வெர்லின், ஐஸ்கிரீம் விக்கப் போறியா?" என்று கேலி செய்தார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள் வெர்லின். கேலியெல்லாம் அவருக்கு உறைக்கவில்லை.

உறைத்தது போன அக்டோபரில்தான். பின்பக்கக் காற்று ஷாக் அப்சார்பர் இரண்டும் ஒரே வாரத்தில் உயிரை விட்டன. பின் அச்சுக்கு நேர் மேலேதான் ஆர்லிஸின் இருக்கை. ரயில் தண்டவாளத்தைக் கடந்தபோது விழுந்த அடியில் அவளுடைய முதுகு எலும்பின் அடி நுனி பிசகி, ஆறு வாரம் வளையத் தலையணையில் உட்கார்ந்தாள். "அது சரியாகாம நான் ஏற மாட்டேன்" என்றாள். வெர்லினும் ஒரு சபதம் செய்தார். "நீ ஏறாத வண்டி எனக்கு எதுக்கு? செப்டம்பர் முதல் ஞாயித்துக்கெழமைக்குள்ள சரியாகலேன்னா கேலனுக்குக் குடுத்துடறேன்."

கேலன் அன்றிலிருந்து வாரம் இருமுறை வந்து, "பாவம், இன்னும் கெடைக்கலையா?" என்று விசாரிக்கத் தொடங்கினார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

ஆர்லிஸுக்கு அந்த இருக்கை வேண்டும். காற்றுக்காகவோ மலைகளுக்காகவோ அல்ல. வெர்லின் வீட்டில் பேசமாட்டார். "உப்பு", "ஆச்சா", "மழை வரும்" என்று நாளைக்கு ஆறு வார்த்தை. ஆனால் தலைக்கவசத்துக்குள் பேசும் கருவியை மாட்டி, வண்டியைக் கிளப்பி, முகத்துக்கு முன்னால் மனித முகம் இல்லாமல் வெறும் சாலை மட்டும் இருந்துவிட்டால், மனிதர் மடை திறந்துவிடுவார். தம்பி குளத்தில் மூழ்கிய கதையை, கல்யாணமாகி இருபத்தைந்தாவது வருடம், பிளாட் ஆற்றுப் பாலத்தின் மேல்தான் அவளிடம் சொன்னார். ஒரு சண்டைக்கு மன்னிப்புக் கேட்டது வயோமிங் எல்லையில். அவளுடைய பச்சைத் திரைச்சீலை தனக்குப் பிடிக்கவே இல்லை என்று ஒப்புக்கொண்டதும், அவள் இல்லாவிட்டால் தான் என்ன ஆவேனோ தெரியாது என்று உளறியதும் ஒரு பெட்ரோல் நிறுத்தத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில். பத்து மாதமாக ஆர்லிஸ் வானிலை மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு அது வலித்தது, முதுகைவிட அதிகமாகவே.

வெர்லின் தேடாமல் இல்லை. மிசௌரிக் கம்பெனி மூடி வருடக்கணக்காகிவிட்டது. அதன் தொலைபேசி எண் இப்போது நாய்களுக்கு முடி வெட்டும் கடையுடையது. ஐந்தாவது தடவை அழைத்தபோது அந்தக் கடைப் பெண், "இன்னும் ஷாக் வரல வெர்லின், ஆனா ஒரு பூடில் வந்திருக்கு" என்றாளாம். கழற்றிய ஷாக்கின் மேல் கம்பெனியின் பெயர்ச்சீட்டு மட்டும்தான்; எண் இருந்திருந்தாலும் துரு அதைத் தின்றுவிட்டிருந்தது. எண் இல்லாத சாமானைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்ற நிலை, தாய்மொழி மறந்தவனுடைய நிலை.

கடைசியில் தன் பழைய கடைக்கே போனார். அங்கே இப்போது டானியா நிற்கிறாள். ஊதா நிற நகங்களும் உரத்த குரலும் உள்ள நாற்பது வயதுக்காரி. "வருஷம், கம்பெனி, மாடல், இன்ஜின்" என்றாள். வெர்லின் சொன்னார். அவள் தட்டிப் பார்த்து, "மூணு சக்கரம்னு சிஸ்டத்துல ஒண்ணுமே இல்லையே" என்றாள். வெர்லின் வெறுங்கையோடு, ஆனால் முகமெல்லாம் மலர வீட்டுக்கு வந்தார். "கடை நல்லா நடக்குது ஆர்லிஸ். நாலையும் கேட்டா. சிஸ்டத்துல இல்லேன்னதும் பட்டுனு இல்லேன்னுட்டா!" அன்றைக்கு ஆறு வார்த்தைக்கு மேலேயே ஆகிவிட்டது.

மிச்சமிருந்த நம்பிக்கை அர்கன்சாஸ். அங்கே ஹோலிஸ் ட்ரெடவே என்பவரிடம் அசல் ஷாக் ஒரு ஜோடி இருக்கிறதாம், கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில். ஞாயிறுதோறும் சர்ச் முடிந்ததும் வெர்லின் அவரை அழைப்பார். வைக்கோலை இன்னும் எடுக்கவில்லை என்று ஹோலிஸ் சொல்வார். பிறகு இருவரும் ஒரு மணி நேரம் கார்புரேட்டர் பற்றிப் பேசுவார்கள். ஆகஸ்ட் பிறந்தது. ஒரு நாள் வெர்லின் முடிவெட்டப் போன நேரம் பார்த்து ஆர்லிஸே அந்த எண்ணை அழைத்தாள். ஹோலிஸின் மனைவி எடுத்தாள்.

"வைக்கோலா? எந்த வைக்கோல்?" என்றாள் அந்த அம்மாள். "நாங்க ரெண்டாவது மாடில குடியிருக்கோம்மா. கொட்டகையெல்லாம் வித்துப் பதினோரு வருஷம் ஆச்சு. இந்த மனுஷனுக்குப் பேச ஆள் இல்ல. உங்க வீட்டுக்காரர் போன்தான் வாரம் பூரா அவருக்குப் பேச்சு. சொல்லிடாதீங்க."

ஆர்லிஸ் தொலைபேசியை வைத்தாள். பிறகு ஒரு பழைய ஷாக்கை எடுத்து, கொலாச்சி ரொட்டி எடுத்துப்போகும் கூடையில் வைத்து, மேலே துண்டு போட்டு மூடி, கடைக்கு நடந்தாள். கவுண்ட்டரில் வைத்தாள்.

"இதே மாதிரி ரெண்டு."

டானியா வாசலை எட்டிப் பார்த்தாள். "வெர்லின் எங்க?"

"முடி வெட்டிக்கறார்."

"அப்ப சரி." டானியா டேப்பை எடுத்து ஷாக்கை அளந்தாள். போல்ட் துளையை அளந்தாள். "இந்த மாதிரி மூணு சக்கரக் கிட் செய்யறவங்க ஷாக்கைத் தனியாவா செய்வாங்க? எவனோ செஞ்சதை வாங்கித் தன் பேரை ஒட்டியிருப்பாங்க" என்று முணுமுணுத்தபடி உள்ளே போனவள், பத்து நிமிடத்தில் இரண்டு பெட்டியோடு வந்தாள். எண்பதுகளில் இந்த ஊரின் பாதி வீட்டு வாசலில் நின்ற பெரிய ஸ்டேஷன் வேகன் காரின் பின்பக்கக் காற்று ஷாக். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாகிவிட்டது. அதுவும் எப்பேர்ப்பட்ட வெண்ணெய். வெர்லினே அதில் நூற்றுக்கணக்கில் விற்றிருப்பார்.

"அவர்கிட்ட சொல்லாதே" என்றாள் ஆர்லிஸ்.

"நான் எங்க சொல்றது? 'இதே மாதிரி'ன்னு கேட்டு இந்தக் கடைல ஒருத்தி வாங்கிட்டுப் போனான்னு தெரிஞ்சா, மொதல்ல என்னைத்தான் கொல்லுவார்."

ஆர்லிஸ் பெட்டிகளைக் குப்பையில் போட்டாள். ஷாக்கில் ஒட்டியிருந்த சீட்டைக் கூந்தல் உலர்த்தும் கருவியால் சூடாக்கி உரித்தாள். ஒரு பழைய அட்டைப்பெட்டியில் இரண்டையும் வைத்து, ஸ்ட்ராபெரிப் பாத்தியிலிருந்து ஒரு கை வைக்கோலை அள்ளி மேலே தூவினாள். அர்கன்சாஸுக்கு மறுபடி அழைத்து அந்த அம்மாளோடு பேசி வைத்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறு ஹோலிஸ் வெர்லினிடம், வைக்கோலை எடுத்தாயிற்று, அனுப்பியாயிற்று, ஆனாலும் கார்புரேட்டர் விஷயம் இன்னும் முடியவில்லை, வாராவாரம் கூப்பிடுங்கள் என்றார்.

சில நாளில் வாசலில் கிடந்த பெட்டியை வெர்லின் திறந்தார். ஒன்றைத் தூக்கி எடை பார்த்தார். "பாத்தியா? அசல்னா அசல்தான். கனத்துலயே தெரியுது. கண்ட கண்ட சாமானை மாட்டியிருந்தா உன் முதுகு என்ன ஆயிருக்கும்?"

"அதானே" என்றாள் ஆர்லிஸ்.

சனிக்கிழமை காலை, கராஜில் வண்டியை ஜாக்கி மேல் ஏற்றி வெர்லின் தரையில் படுத்தார். ஆர்லிஸ் விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தினாள். அவர் துணியால் ஷாக்கின் எண்ணெயைத் துடைத்தார். கீழ்ப்பக்கம் வந்ததும் கை நின்றது. கட்டைவிரல் ஓர் இடத்தைத் தடவியது, திரும்பவும் தடவியது. அங்கே இரும்பிலேயே அந்த ஸ்டேஷன் வேகன் ஷாக்கின் எண் குத்தியிருந்தது. சீட்டை உரித்தவள் அடியில் பார்க்காமல் விட்டிருந்தாள்.

வெர்லினின் உதடு சத்தமில்லாமல் அசைந்தது. எட்டு முறை.

ஆர்லிஸின் பத்து மாதமும், செப்டம்பரும், அந்த இருக்கையும் அவர் கட்டைவிரலுக்கு அடியில் இருந்தன. இனி அவர் எழுந்து, துணியை உதறி, இது அசல் இல்லை என்று கேலனுக்குப் போன் செய்யலாம். செய்யக்கூடியவர்தான்.

அவர் எழவில்லை. தலையைத் திருப்பி அட்டைப்பெட்டியைப் பார்த்தார். வைக்கோலில் ஒன்றை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார்.

"அர்கன்சாஸ் வைக்கோலு" என்றார். "நம்ம ஸ்ட்ராபெரிப் பாத்தி வைக்கோலு மாதிரியே இருக்குல்ல?"

"வைக்கோல் எல்லா ஊர்லயும் வைக்கோல்தான் வெர்லின்."

"அது சரி. ஹோலிஸ் பாவம், எவ்ளோ கஷ்டப்பட்டு எடுத்திருப்பான். அந்த வயசுல கொட்டகைல ஏறி எறங்கி... அவன் பொண்டாட்டியும் கூட நின்னு ஒத்தாசை பண்ணியிருப்பா. அந்த மாதிரி பொம்பளைங்க இருக்காங்க ஆர்லிஸ், வாயைத் தொறந்து ஒண்ணு சொல்ல மாட்டாங்க, காரியம் மட்டும் நடந்துடும். எனக்கு அந்த மாதிரி ஆளுங்களைக் கண்டா பயம். ஆனா அவங்க இல்லாம முடியாது." தலைக்கவசம் இல்லை, சாலை இல்லை, கராஜ் தரையில் படுத்தபடி, வண்டியின் வயிற்றைப் பார்த்து மனிதர் பேசிக்கொண்டே இருந்தார். ஆர்லிஸ் விளக்கைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

பேசியபடியே வெர்லின் ஷாக்கை அச்சுக்கு நேரே பிடித்தார். எண் வெளிப்பக்கம் பார்த்திருந்தது. அதைப் பாதி சுற்று திருப்பி, எண் உள்ளே சக்கரத்துக்குப் பின்னால் மறையும்படி வைத்து, போல்ட்டைப் போட்டு முறுக்கினார்.