ஒரு பார்சல், இரண்டு தட்டு

திருநின்றவூர் வேம்புலிக்கு நாக்கு நீளம், சம்பளம் குட்டை. அதை வைத்துக்கொண்டு பட்டணத்தில் வாய்க்கு ருசியாகச் சாப்பிடுவது எப்படி என்று கேட்டால் அரை நாள் பேசுவார். எந்த மெஸ்ஸில் பதினொன்றே முக்காலுக்குப் போய் நின்றால் கரண்டி படாத முதல் சாம்பார் கிடைக்கும், எங்கே கூட்டு இரண்டாவது தடவை கேட்டால் சர்வர் முகத்தைத் திருப்பமாட்டான், எல்லாம் அத்துப்படி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் முப்பத்தொரு வருடம் தகரம் வெட்டியவர். அங்கிருந்து சென்ட்ரல் பக்கம் வேலையாகப் போகிறவர்கள் இவரைக் கேட்டுக்கொண்டுதான் ரயில் ஏறுவார்கள். வாங்க, சேர்ந்தே போகலாம் என்று ஒருத்தன் கூப்பிட்டதில்லை. அன்றைக்கு அது அவருக்கு உறைக்கவும் இல்லை. மனைவி வசந்தா இருந்தாள்.

அவருடைய வித்தையிலேயே பெரிய வித்தை பார்சல்தான். உட்கார்ந்து சாப்பிட்டால் ஒரு இலைக்கு ஒரு ஆள். பார்சல் என்றால் சோற்றை அழுத்தி அழுத்திக் கட்டுவார்கள், இரண்டு பேர் தாராளமாகச் சாப்பிடலாம். கல்யாணமான புதிதில் ஆரம்பித்த பழக்கம். மாதம் ஒருமுறை ரயிலேறி வந்து, வால்டாக்ஸ் ரோடு பக்கம் ஒரு மெஸ்ஸில் பார்சல் வாங்கி, மூர் மார்க்கெட் ஸ்டேஷன் பெஞ்சில் உட்காருவார்கள். வசந்தா வீட்டிலிருந்தே இரண்டு எவர்சில்வர் தட்டு கொண்டுவருவாள். ரசப் பையில் நூலை இறுக்கிக் கட்டியிருப்பார்களே, அதை ஒரு சொட்டு சிந்தாமல் அவிழ்க்க அவளால்தான் முடியும். அப்பளத்தில் பெரிய பாதி அவளுக்கு. இதில் மட்டும் பேச்சுக்கே இடமில்லை.

முன்பின் தெரியாதவர்கள் தரும் உணவை வாங்கிச் சாப்பிடாதீர்கள் என்று ஸ்டேஷன் மைக் அலறும்போதெல்லாம் அவள் கையைத் தட்டுக்கு மேலேயே நிறுத்திவிடுவாள்.

"யோவ், உன்ன கட்டிக்கினு இத்தினி வருசம் ஆவுது. இன்னும் உன்ன பத்தி ஒண்ணும் புரியல. நீ குடுக்கறத துன்னலாமா, வோணாமா?"

முப்பது வருடமாக ஒரே கிண்டல். முப்பது வருடமும் வேம்புலி சிரித்தார்.

அவள் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. மாத்திரை திருநின்றவூரிலேயே கிடைக்கும். இருந்தும் சென்ட்ரலுக்கு எதிரே பெரியாஸ்பத்திரிக்குத்தான் வருவேன் என்று அடம்பிடிக்கிறார். மாத்திரை ஒரு சாக்கு. முதல் மாதம் மெஸ்ஸுக்குள்ளேயே உட்கார்ந்து பார்த்தார். முதுகுக்குப் பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஆள் நின்றான்; மோர் ஊற்றுவதற்குள் எழுந்துவிட்டார். அப்புறம் பார்சல். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோனால் வெயிலில் ஊசிப்போயிருக்கும். செம்பரம்பாக்கத்தில் கண்டவர் வயலில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம் அவருடையது. சோற்றைக் குப்பையில் போட்ட அன்றெல்லாம் அவருக்கு யாரையோ அடித்துவிட்டதுபோல் இருந்தது.

"மினி மீல்ஸ் வாங்கேம்பா" என்றான் ஐயப்பன்தாங்கலில் இருக்கும் மகன் பரத், போனில். சொன்னது சரிதான். பிள்ளைகள் சொல்வது சில சமயம் இப்படிச் சரியாக இருந்து தொலைக்கும். வேம்புலிக்கு வேண்டியது சின்னச் சாப்பாடு இல்லை. பெரிய சாப்பாட்டில் மறுபாதியைச் சாப்பிட எதிரே ஒரு ஆள். இதைப் பெற்ற பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

இந்த மாதம் துணிந்துவிட்டார். பெஞ்சின் மறுகோடியில் அவர் வயதுக்காரர் ஒருவர் மடியில் ஸ்கேன் கவரை வைத்துக்கொண்டு தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தார். வேம்புலி இரண்டு தட்டையும் எடுத்து வைத்து, சோற்றைச் சரிபாதியாகப் பிரித்தார். அப்பளத்தில் பெரிய பாதியை அந்தத் தட்டில் வைத்தார்.

"அண்ணாத்தே, ஒரு வாய் துன்றியா? எனக்கு ரொம்ப ஜாஸ்தியா கீது."

"வேணாங்க. சாப்டாச்சு."

"மூஞ்ச பாத்தா அப்பிடி தெர்லியே. சும்மா துன்னு, நைனா." தட்டை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளினார்.

அந்த நேரம் பார்த்து மைக் ஆரம்பித்தது. முன்பின் தெரியாதவர்கள் தரும் உணவை. அந்த மனிதர் மைக்கைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து போனார். திரும்பி வரும்போது கூடவே ரயில்வே போலீஸ்காரப் பெண் ஒருத்தி. சட்டையில் காவ்யா என்று பெயர்.

"இன்னா பெருசு, யாருக்கு சோறு குடுக்குற? உள்ள இன்னா கலந்துகீற?"

சுற்றி நாலு பேர் கூடிவிட்டார்கள். வேம்புலிக்குக் காது வரை சுட்டது. "சாம்பார்தான் மேடம்" என்றார், வேறென்ன சொல்வது?

"அப்போ நீ துன்னு, பாக்கலாம். அது இல்ல, அந்தத் தட்டுல."

அந்தத் தட்டு. பதினான்கு மாதமாகக் கூடவே கொண்டுவந்து, சோறு படாமலே திரும்ப எடுத்துப்போகிற தட்டு. அதிலிருந்து ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டார். ஆவடி வண்டி வந்து, ஸ்கேன் கவர்க்காரர் பசியோடே ஏறிப் போனார். வேடிக்கை பார்த்தவர்களும் கலைந்தார்கள். காவ்யா மட்டும் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ம், துன்னு."

ரசப் பையின் முடிச்சோடு அவர் பல்லால் மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, "இங்க குடு" என்று வாங்கினாள். நகத்தால் நூலை நெம்பி அவிழ்த்துக் கொடுத்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"எதுக்கு ரெண்டு தட்டு?"

"பழக்கம் மேடம்."

"வூட்டம்மா இன்னா ஆனாங்க?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவள் நகர்ந்து போகவில்லை. அந்தத் தட்டை முடித்தார், பிறகு தன் தட்டை. பெரிய பாதி அப்பளம் ஆறி நமுத்துப்போயிருந்தது. அதையும் சாப்பிட்டார். பதினான்கு மாதத்தில் முதல் தடவையாக ஒரு பருக்கை மிச்சமில்லை.

"சரி, கெளம்பு. இனிமே யாருக்கும் இந்த மாரி குடுக்காத. காலம் கெட்டுக் கெடக்குது."

"சரி மேடம்." அவள் நாலடி போவதற்குள் கூப்பிட்டார். "மேடம், அடுத்த மாசமும் இங்கதான் டூட்டியா?"

அவள் திரும்பி முறைத்தாள். "எதுக்குக் கேக்குற?"

வேம்புலி இரண்டு தட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"இல்ல, சந்தேகமா இருந்திச்சின்னா... இதே மாரி நின்னு பாக்கலாமில்ல?"