பூட்டனுக்கு என்ன விருப்பம்?

நாங்கள் ஒக்லாந்தின் நியூ லினில் வாடகைக்குக் குடியிருந்த தொண்ணூறுகளின் கடைசியில், பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அன்ரிக்கு ஒரே வேலைதான்: செத்துப்போன தன் பூட்டனைத் தேடுவது. இங்கிலாந்தில் சப்பாத்துத் தைத்துக்கொண்டிருந்த மனிதராம். கப்பலேறி ஒக்லாந்துக்கு வந்தவர், எங்கே புதைக்கப்பட்டார் என்பதுதான் தெரியவில்லை. அன்ரி எங்கள் வீட்டில் தேநீர் குடித்தபடி கதை கதையாகச் சொல்லுவார். பூட்டனின் கிராமம், கப்பல், கூடவந்த தம்பி எல்லாம் கண்டுபிடித்தாயிற்று, குழிதான் பாக்கி. அப்பாவுக்கு அது பெரிய பகிடி.

அம்மா மட்டும் சிரிக்கமாட்டார். என் மாமா, அதாவது அம்மாவின் ஒரே அண்ணன், யாழ்ப்பாணத்து இடப்பெயர்வில் காணாமல் போயிருந்தார். "அண்ணா எங்கயோ இருக்கிறார்" என்பார் அம்மா. யாராவது "இருந்தால் இவ்வளவுக்கு ஒரு சேதி..." என்று இழுத்தால் விருட்டென்று எழுந்து குசினிக்குள் போய்விடுவார். மாமாவுக்கு உயிரான கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பை எங்கள் வீட்டில் சமைப்பதேயில்லை. நான் அடம்பிடித்தால் ஒரே பதில்தான்: "மாமா வரட்டும், காய்ச்சுறன்."

ஒருநாள் அன்ரி வேலிக்கு மேலால் கூவினார். பாசி படர்ந்த கல்லொன்றில் பூட்டன் அகப்பட்டுவிட்டார், இறந்த திகதியோடு! அம்மா அந்தத் திகதியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்.

"நாள் தெரிஞ்சிட்டுது. இனித் திவசம் குடுக்கலாம்தானே" என்றார்.

அப்பா தலையில் கைவைத்தார். "ஐயோ, அந்தாள் வேதக்காரரப்பா!"

"பசி எல்லாருக்கும் ஒண்டுதான்."

பிறகு என்னை மொழிபெயர்க்க நிறுத்தி, பூட்டனுக்குச் சாப்பாட்டில் என்ன விருப்பம் என்று அன்ரியிடம் கேட்டார். கப்பலில் எத்தனை பாய்மரம் என்று சொல்லத் தெரிந்த அன்ரி உதட்டைப் பிதுக்கினார். அதை அவர் யோசித்ததேயில்லை.

அந்தத் திகதியும் வந்தது. அம்மா முழுகி, சமைத்து, படைத்து, அன்ரியையும் கூப்பிட்டு, ஒரு பிடி சோற்றை வேலியில் வைத்து "கா, கா" என்றார். ஒக்லாந்தில் ஏது காகம்! எங்கிருந்தோ வந்த கடற்பறவை ஒன்று கொத்திக்கொண்டு பறந்தது.

"வெள்ளைக்காரருக்கு வெள்ளைக் காகம்" என்றார் அப்பா. நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

திரும்பிப் பார்த்தால் அம்மா வேலியைப் பிடித்தபடி குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். மாமாவுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடாத அம்மா! முன்பின் தெரியாத தன் பூட்டனுக்காக இப்படி உருகுகிறாளே என்று அன்ரியும் அவரைக் கட்டிப்பிடித்து அழுதார். அப்பா பகிடியை நிறுத்திவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கோ அகோரப் பசி. படையலில் கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு இருந்தது. வயிறுமுட்டச் சாப்பிட்டேன். அந்த வெள்ளைக்காரருக்கும் எங்கள் மாமாவைப் போலக் கத்தரிக்காய்தான் விருப்பமாக்கும், அன்ரி எப்படியோ அதையும் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.