பதிலுக்கு நீ என்ன கொடுக்கிறாய்?

கல்யாணமான மறு வருடமே என் கணவர் வளைகுடாவில் இழுவைப் படகில் மீன்பிடி வேலைக்குப் போய்விட்டார். போனில் பேசினால் கார்டு கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும். அதனால் நாங்கள் ஒரு இணைய விளையாட்டுக்குள் சந்தித்துக்கொண்டோம். அவர் தங்கியிருந்த இடத்தில் கம்ப்யூட்டர் இருந்தது. நான் வெள்ளிக்கிழமைகளில் பட்டினச்சேரியிலிருந்து பஸ் பிடித்துக் காரைக்கால் பிரவுசிங் சென்டருக்குப் போவேன். "புருஷன்கிட்ட பேச டிக்கெட் எடுத்துல்ல போறாங்க" என்று நாத்தனார் கேலி செய்வாள். செய்துவிட்டுப் போகட்டும்.

அந்த விளையாட்டிலும் கடல் இருந்தது, சந்தை இருந்தது. அங்கேயும் போய் மனுஷன் மீன்தான் பிடித்தார். பிடித்த மீனையும் கிடைத்த தங்கக் காசையும் திரையில் நான் ஆட்டுவிக்கும் பொம்மையிடம் அப்படியே கொடுத்துவிடுவார். எங்கள் பக்கத்தில் அதுதானே வழக்கம். மீன் கரையேறிவிட்டால் விலை பேசுவதும் விற்பதும் வீட்டுப் பெண்ணின் பாடு. நானும் சந்தையில் விற்றுக்கொண்டே, சாப்பிட்டாரா, கால் வீக்கம் வடிந்ததா என்று டைப் அடித்துக் கேட்பேன்.

அப்போது விளையாட்டுக் காசை நிஜப் பணத்துக்கு விற்கும் கூட்டம் பெருகியிருந்தது. ஆள் இல்லாமலே பொம்மையை மீன் பிடிக்க வைக்கும் புரோகிராம்களும் வந்திருந்தன. அவர்களைப் பிடிக்க, விளையாட்டை நடத்திய கம்பெனி அதற்குள்ளேயே காவலர்களை இறக்கியது. ஒருவர் கொடுத்துக்கொண்டே இருக்க, இன்னொருவர் வாங்கி விற்றால் சந்தேகமாம். மாட்டினால் கணக்கையே அழித்துவிடுவார்களாம். சென்டரில்தான் இதைக் கேள்விப்பட்டேன். கணக்கு போனால் அவரோடு இருந்த பேச்சும் போய்விடும். அவரிடம் சொன்னேன். "நாம என்ன திருட்டா பண்றோம்" என்று எழுதினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. திரையில் காவலர் ஒருவர் வந்தார். என் பொம்மையை நகரவிடாமல் நிறுத்தி வைத்தார். "இந்த ஆள் கொடுப்பதற்குப் பதிலாக, விளையாட்டுக்கு வெளியே நீ என்ன கொடுக்கிறாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். எந்த எழுத்து எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. தெரிந்த ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறி அடித்தேன்: அவர் என் கணவர். அவர் மீன் பிடிப்பார். நான் விற்பேன்.

பிறகு, காலையிலேயே அவரை விசாரித்துவிட்டதாகச் சொல்லி, அவர் எழுதிய பதிலைக் காவலர் அப்படியே காட்டினார்.

"இந்தப் பெண் யாரென்று எனக்குத் தெரியாது."

இரண்டு கணக்குகளும் அன்றைக்கே போயின.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தார். "போலீஸ் மாதிரி கேட்டாங்க. உன்னையும் சேத்து மாட்டிவிடக் கூடாதேன்னுதான் தெரியாதுன்னுட்டேன். இங்க யாரு எது கேட்டாலும் அப்படிச் சொல்லியே பழகிப்போச்சு."

"சரிங்க" என்றேன். அவரை நம்பவும் செய்தேன். ஆனால் அவர் ஊர் திரும்பும்வரை ஒரே பயம் என்னை அரித்தது. அந்த நாட்டில் அவருக்கு ஏதாவது ஆகி, ஊரில் உனக்கு யார் இருக்கிறார்கள் என்று நிஜப் போலீசே வந்து கேட்டால் இவர் என்ன சொல்வார்? இங்கே யாருக்குத் தகவல் வரும்?