அண்ணன் எனக்காக விட்டுவைத்த வரி

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அவரைச் சரித்திர வாத்தியாராக அறிவீர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், ஓரிடத்தில் தங்காதவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் மலாயாவில் குளுவாங்கை அடுத்த ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தார். அவர் டவுனில் இங்கிலீஷ் படித்தார். நான் தோட்டத்தில் ரப்பர் பால் வாளி தூக்கினேன். எனக்குப் பதினேழு வயதில், காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்க எல்லாரும் வரிசையாக நிற்கும்போது, கங்காணி அடித்து அப்பா செத்தார். தோட்டத்துப் புத்தகத்தில் 'காய்ச்சல்' என்று எழுதினார்கள். நின்றவர்கள் அத்தனை பேரும் பார்த்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் அன்றே ஓடிப்போனேன்.

அன்று டவுனில் இருந்த அண்ணன் ஓடவில்லை. டவுன் பாதிரியார் ஒருவர் உதவ, கப்பலேறிச் சென்னைக்குப் போய், வாத்தியாராவதற்கென்றே சரித்திரம் படித்துப் பட்டம் பெற்றார். கேட்டது வேறு, பார்த்தது வேறு. பார்த்தவன் சொன்னால்தான் சரித்திரம் என்று அங்கே கற்றதாகச் சொல்வார்.

திரும்பி வந்து குளுவாங் பள்ளியில் அவர் நடத்திய முதல் பாடத்தில் ராஜாக்கள் கிடையாது. 'உனக்கு நினைவு தெரியாத காலத்தில் உன் அப்பா செய்த ஒரு காரியத்தை வீட்டில் கேட்டு எழுதி வா' என்பார். கங்காணியின் மகனும் அந்த வகுப்பில் இருந்தான். எதிர்த்துப் பேசிய ஒருவனைத் தன் அப்பா பெரட்டில் ஒரே அடியில் சாய்த்தார், அவன் எழுந்திருக்கவே இல்லை என்று பெருமையாக எழுதி வந்தான். அண்ணன் எழுத்துப்பிழையைத் திருத்திக் கொடுத்துவிட்டு, தம் நோட்டில் அதைப் படியெடுத்தார். கீழே 'பார்த்தவர்' என்று எழுதி, ஒரு வரியைக் காலியாக விட்டார்.

அப்போது வேலை பார்த்த பொந்தியானிலிருந்து நான் வந்தபோது அந்த நோட்டைக் காட்டினார்.

"முன்வரிசையில நின்னியேடா. சொல்லு, எழுதிக்கிறேன்."

"இப்ப எதுக்குண்ணே? எலும்புகூட மக்கியிருக்கும்."

"மக்கும்னுதான் எழுதச் சொல்றேன்."

"அடுத்த தடவை வரும்போது சொல்றேன்."

"நீ வருவே. சரக்கு ரயிலாவது உன்னைவிட நேரத்துக்கு வரும்."

நான் திரும்பிப் போன பிறகு, வாத்தியார் தன் கட்டுரையைப் படியெடுத்ததைக் கங்காணி மகன் வீட்டில் சொல்லியிருக்கிறான். மறுநாள் பட்டப்பகலில் கங்காணி இரண்டு ஆட்களோடு வகுப்புக்குள் வந்தார். ஆட்கள் அண்ணனைப் பிடித்துக்கொள்ள, தேசப்படத்தைக் காட்டும் கழியைப் பிடுங்கி அடித்தார். கழி முறிந்ததும் காலால் மிதித்தார். விலா எலும்புகள் உடைந்தன. ஒரு காதிலிருந்து ரத்தம் வந்தது.

"சரித்திரமா சொல்லிக் குடுக்கிறே? இதையும் எழுதிக்க."

அண்ணன் தரையில் கிடந்தபடி, "பிள்ளைங்களா, பார்த்ததை எழுதுங்க" என்றாராம். பிள்ளைகள் எழுதினார்கள். கங்காணி மகன் அழுதுகொண்டே எழுதினானாம். இது கேட்டது, நான் அங்கே இல்லை. போலீஸ் வந்து பார்த்துவிட்டு, சிறுபிள்ளைகள் பேச்சு செல்லாது என்று போய்விட்டது.

ஒன்பது நாள் அண்ணன் ரத்தமாக வாந்தியெடுத்தார். சேதி கேட்டு வந்து நான் பக்கத்தில் இருந்தேன். எட்டாம் நாள் நோட்டையும் பென்சிலையும் என் பக்கம் தள்ளினார். "நாளைக்குண்ணே" என்று வாயைத் துடைத்துவிட்டேன். மறுநாள் அவருக்குப் பேச்சு நின்றது, அன்றே மூச்சும் நின்றது.

அவரைப் பெஞ்சில் கிடத்தி ஆஸ்பத்திரிவரை தூக்கிச் சென்ற மாணவர்களுக்கும், ஒன்பது நாளும் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், சாவுக்குக் காரணம் இந்த முறையும் 'காய்ச்சல்' என்று எழுத மறுத்த ஆஸ்பத்திரி டிரெஸருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணன் விட்ட வரியை இப்போது எழுதுகிறேன். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, இன்று வீட்டில் இருக்கட்டும் என்றுதான் அப்பா கேட்டார். கங்காணி கழியால் பின்மண்டையில் அடித்தார். பையன் எழுதியதுபோல ஒரே அடி அல்ல, நான்கு. மூன்றாவது அடியில் அப்பா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் கையிலிருந்த வாளியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

பார்த்தவர்: நான், அவருடைய மகன்.

இந்த மலரின் ஒரு பிரதியைக் கங்காணி வீட்டில் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். அதன் பிறகும் குளுவாங்கில்தான் இருப்பேன்.