மாற்றச் சொல்லாத பாட்டு

எங்கள் பனியன் யூனிட்டில் பாட்டுப் போடுகிற அதிகாரம் என் கையில். பதவி ஒன்றும் பெரிதில்லை. செக்கிங் டேபிளில் நிற்கிறவள்தான். தைத்து வரும் பனியனைப் புரட்டிப் பார்த்து, பழுது இருக்கிற இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவேன். நல்ல பீஸுக்கு ஒன்றும் ஒட்டுவதில்லை, அது பேசாமல் அடுத்த டேபிளுக்குப் போய்விடும். வெள்ளிக்கிழமை ஆனால் புதிதாக என்ன பாட்டு வந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும் என்பதால், ப்ளூடூத் ஸ்பீக்கரையும் என் டேபிள்மேலேயே வைத்துவிட்டார்கள்.

சினிமாப் பாட்டை யார் வேண்டுமானாலும் போடலாம். எனக்குப் பிடித்தது படம் இல்லாத பாட்டு. சென்னையில் மொட்டை மாடியில் நான்கு பையன்கள் சேர்ந்து எடுத்தது, மலேசியாவில் ஒரு பெண் தானே எழுதித் தானே பாடியது, இப்படி. நடுநடுவே நைசாக ஒன்றைச் செருகிவிடுவேன். ஓவர்லாக் மெஷினில் உட்காரும் காங்கேயத்து அக்கா கண்டுபிடித்துவிடுவார்.

"இது எந்தப் படமுங் கண்ணு?"

"படமில்லீங்க்கா. சும்மா பாட்டுத்தான்."

"படமில்லாம பாட்டா? மாப்பிள்ளை இல்லாம சீரு வெச்சாப்புல இருக்குது. மாத்துங் கண்ணு."

அக்கா சொன்னால் அப்பீல் கிடையாது. உடனே வரிசை முழுக்க "மாத்துங்க, மாத்துங்க" என்று ஆரம்பிக்கும். தமிழே தெரியாத பீகார்ப் பெண்கள்கூட அந்த ஒரு சொல்லை மட்டும் சுத்தமாகச் சொல்வார்கள்.

இந்தக் கூட்டத்தில்தான் தன் பாட்டைப் போடச் சொன்னார் என் வீட்டுக்காரர்.

அவர் திருநெல்வேலிப் பக்கம். வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். திருப்பூர் மண்ணரையில் எங்கள் ஒற்றை அறை வீட்டில், கதவிலும் ஜன்னலிலும் போர்வையைக் கட்டித் தொங்கவிட்டு, வேர்க்க வேர்க்கப் பாடி, அவரே தாளமும் சேர்த்து இணையத்தில் விடுவார். அவர் பாடி முடிக்கும்வரை நான் குக்கர் வைக்கக் கூடாது. பசியில் வாய்க்கு வந்தபடி திட்டுவேன். ஆனால் அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தால், கட்டிக்கொண்டதற்கு வருத்தமே இல்லை என்று தோன்றும்.

முதலில் விட்ட பாட்டுகளுக்கு அவருடைய கூட்டாளிகள் வரிசையாக இதயமும் நெருப்பும் போட்டிருந்தார்கள். அவருக்கு அதில் திருப்தியில்லை.

"அவனுவ என் மொகத்துக்காவப் போடுதானுவட்டி. ஒங்க யூனிட்ல போட்டுப் பாரு. ஆரு பாட்டுன்னு சொல்லிராத. மாத்தச் சொல்லிட்டாவன்னா இதோட விட்டுருதேன்."

விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை. பீடியை அப்படித்தான் ஒரே நாளில் விட்டார். அதற்கு மனம் குளிரச் சந்தோஷப்பட்டேன். பாட்டை விட்டால் அப்படி முடியாது. பாட்டைப் போடப்போகிற அன்று காலை போர்வைகளைத் துவைத்து மடித்துக் கட்டில்மேல் வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன்.

பொங்கல் முடிந்து தெற்கேயிருந்து திருப்பூர் திரும்பும் பஸ்ஸில், நின்றுகொண்டே தூங்குகிற ஒருவனைப் பற்றிய பாட்டு அது. ஆரம்பத்தில் வெறும் குரல் மட்டும்தான். தாளம் பிறகுதான் வரும். வீட்டில் கேட்டபோது அது அழகாக இருந்தது. இங்கே மெஷின் சத்தத்தில் அவர் குரல் இருக்கிற இடமே தெரியவில்லை.

"பாட்டு நின்னு போச்சுங்களா?" என்று யாரோ கேட்டார்கள். காங்கேயத்து அக்கா தலையைத் தூக்கினார். வாயைத் திறக்கப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் சொல்லி மாற்றினால்தானே தோற்றதாகும், நானே முந்திக்கொண்டு மாற்றிவிட்டால்? ஸ்பீக்கர் கெட்டுப்போச்சு என்று வீட்டில் ஒரு பொய் சொன்னால் போயிற்று. போன்மேல் கை வைத்துவிட்டேன். அதற்குள் தாளம் வந்து சேர்ந்துகொண்டது.

"ஏங் கண்ணு, எதுக்கு மாத்தறே?" என்றார் அக்கா. "ஓடட்டும் உடு."

சொல்லிவிட்டு மறுபடி துணியைத் தள்ள ஆரம்பித்தார். கையில் இருந்த பனியனை எத்தனை தடவை புரட்டினேனோ தெரியாது. பாட்டு கடைசிவரை ஓடி முடிந்து அடுத்த பாட்டு வந்தது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நன்றாக இருந்தது என்றும் யாரும் சொல்லவில்லை. அதுதான் கொஞ்சம் உறுத்தியது. டீக்கு எழுந்தபோது மெதுவாக அக்காவிடம் போனேன்.

"அந்தப் பாட்டு எப்படிங்க்கா இருந்துச்சு?"

"எந்தப் பாட்டு கண்ணு?" என்று கேட்டுவிட்டு வடையைப் பிய்த்து டீயில் நனைத்தார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால், அவர் எனக்கு முன்பே வந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வெங்காயம் பக்கமே போகாத மனுஷன். என்னைப் பார்க்காமல், "என்ன சொன்னாவ?" என்றார்.

"ஒண்ணுஞ் சொல்லலீங்க."

கத்தி நின்றுவிட்டது. முகம் விழுந்துபோனதைப் பார்த்ததும் அவசரமாகச் சொன்னேன்:

"ஐயோ, ஸ்டிக்கர் ஒட்டலீங்க. மாத்துங்கன்னு யாருமே சொல்லலை. நான் மாத்தப் போனேன், காங்கேயத்தக்கா உடலீங்க."

"அந்த அக்காவா?"

"அந்த அக்காவேதான்."

கட்டிங் மாஸ்டருக்கு ஸ்டிக்கர் ஒட்டாத பீஸ் என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. லுங்கி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் என்றார். அப்பாடா என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்துபோய், நான் மடித்து வைத்திருந்த போர்வையை எடுத்து உதறி, கதவுமேல் ஆணியைத் தேடினார்.

"சாப்புட்டுட்டுக் கட்டுங்க," என்றேன்.