கூடத்தைக் காலி செய்த மருமகள்

மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்த பிறகு பெரிய மருமகளுக்கு மூச்சு விடவும் நேரமில்லாமல் போயிற்று. அதற்கு முன்பு மட்டும் நேரம் கொட்டிக் கிடந்ததா என்றால், அதுவும் இல்லை. மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. நாள் முழுக்க நின்றபடி படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடித்துவிட்டு வீட்டுக்கு வரும்போது முழங்கால்கள் சொன்ன பேச்சைக் கேட்காது. கணவன் போய்ச் சேர்ந்த பின் அவனுடைய அப்பா அவள் பொறுப்பில் தங்கிவிட்டார். யாரும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவல்ல. அப்படியே ஆகிவிட்டது. குடும்பத்தில் பெரிய பாரமெல்லாம் இப்படித்தான், கேட்காமலே ஒருத்தர் தலையில் வந்து உட்காரும்.

நல்லவேளையாக எலும்பு எதுவும் முறியவில்லை. தொடையில் ரத்தம் கட்டியதோடு போயிற்று. ஆனால் சேதி கேட்டு வந்த சின்னவன், அவருடைய இளைய மகன், செருப்பைக் கழற்றும் முன்பே தீர்ப்பு சொல்லிவிட்டான்.

"அண்ணி, நீங்க வேலைக்குப் போயிடுறீங்க. இவருக்கோ கண்ணு சரியாத் தெரியல. முதியோர் இல்லத்துல சொல்லி வெச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை வந்து பாக்குறேன். இங்க சரிப்பட்டு வராதுன்னு தெரிஞ்சா கையோட கூட்டிட்டுப் போயிடுறேன்."

மாமனார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். யாரிடமும் கெஞ்சாத மனிதர். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்ததும் மருமகள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

"மாமா எங்கயும் போக வேணாம். வீட்டை நான் சரி பண்ணிடுறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. மாமனாருக்கு மருந்து எழுதிக் கொடுத்த மருத்துவமனையில் நர்சம்மாவிடம் கேட்டாள். "குளிக்கிற இடத்துல கைப்பிடி வைங்க, ரப்பர் விரிப்பு போடுங்க. அவர் நடக்குற வழியில எதுவும் இருக்கக் கூடாதும்மா" என்றாள் அவள். கால்மிதி, மின்கம்பி, கழற்றிப் போட்ட செருப்பு இவற்றை நினைத்துத்தான் நர்சம்மா சொல்லியிருப்பாள். மருமகள் காதில் அது வேறுவிதமாக விழுந்தது. சலவைக்கூடத்தில் தள்ளுவண்டி போகும் பாதையில் ஒரு வாளி நின்றாலே மேலாளர் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். எதுவும் என்றால் எதுவுமே கூடாது, அவ்வளவுதான்.

குளியலறைச் சுவரில் ஆளை வைத்துத் துளை போட்டுக் கம்பி பொருத்தினாள். படியின் விளிம்பில் மஞ்சள் பெயின்ட் அடித்தாள். பிறகு கூடத்தில் இருந்த மர நாற்காலிகள், வட்ட மேசை, தையல் மெஷின், ஆடுகிற ஸ்டூல் அத்தனையையும் இடுப்பு ஒடிய இழுத்துப் பின்னறையில் அடுக்கினாள். பெரியவர் அந்த வாரம் முழுவதும் கட்டிலில்தான் இருந்தார். அறையை ஒட்டியே குளியலறை என்பதால் அவர் கூடத்தை எட்டிப் பார்க்கவே இல்லை. ஞாயிறு காலை கூடம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. அவளுக்கே பெருமையாகத்தான் இருந்தது.

சின்னவனும் வந்து பார்த்து, "பரவாயில்லையே அண்ணி!" என்றான். "அப்பா, எங்க, சமையலறை வரைக்கும் நடந்து காட்டுங்க."

பெரியவர் அறை வாசல் வரை வந்தார். ஒரு கை நிலையைப் பிடித்திருந்தது. மறு கை முன்னால் நீண்டு காற்றைத் துழாவியது.

"என்னம்மா, வீட்டையே காணோம்?" என்றார்.

ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. "பாத்தீங்களா? நான் சொல்லல?" என்று சின்னவன் கைப்பேசியை எடுத்தான்.

அவள் காற்றைத் துழாவிய அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகுதான் உறைத்தது. மாமனார் ஆயுசு முழுக்க பஸ் கண்டக்டர். ஓடுகிற வண்டியில் ஒவ்வொரு சீட்டின் முதுகாகப் பிடித்துக்கொண்டே நடந்த மனிதர். வீட்டிலும் அப்படித்தான் நடந்திருக்கிறார், நாற்காலிக்கு நாற்காலி, மேசைக்கு மேசை. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அவள் அதைக் கவனிக்கவில்லை. பாதுகாப்பு செய்கிறேன் பேர்வழி என்று அவர் பிடித்து நடந்த எல்லாவற்றையும் தூக்கி ஒளித்து வைத்துவிட்டாள்.

"ஒரு நிமிஷம் இருங்க" என்று பின்னறைக்கு ஓடினாள். நாற்காலிகளைச் சமையலறை வரை சுவரோரமாக, கைக்கு எட்டும் தூரத்தில் வரிசையாகப் போட்டாள். இடையில் மேசை, தையல் மெஷின். ஒவ்வொன்றையும் உலுக்கிப் பார்த்தாள். ஸ்டூலை மட்டும் கொண்டு வரவில்லை.

பெரியவரின் கை முதல் நாற்காலியைத் தொட்டது. அவ்வளவுதான், உடம்பு நிமிர்ந்துவிட்டது. பிடித்துப் பிடித்து நடந்து சமையலறை வாசலில் நின்றார். "கடைசி ஸ்டாப். எல்லாரும் இறங்குங்க!" என்றார். சின்னவனே சிரித்துவிட்டான்.

"சரி அண்ணி, அப்பா இங்கேயே இருக்கட்டும். நான் கிளம்புறேன்."

இதற்காகத்தான் அவள் வாரம் முழுக்க மாடாய் உழைத்தாள். அப்படியிருந்தும் அந்தச் சொல்லைக் கேட்டதும் அவளுக்கு மகிழ்ச்சி வரவில்லை. மாமனார் போகட்டும் என்று மனதின் ஒரு மூலை காத்துக்கொண்டு இருந்திருக்கிறது. அது தெரிந்ததும் வெட்கமாக இருந்தது. உட்காரலாம் என்று நாற்காலிப் பக்கம் திரும்பினாள். அதை எட்டுவதற்குள் முழங்கால் மடங்கி, தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சத்தம் கேட்டுப் பெரியவர் திரும்பினார்.

"டேய், நில்லு. நான் விழுந்துடுவேன்னு தானே ஓடி வந்த? விழப்போறது நான் இல்லடா, இவ."

"அப்பா, எனக்கு வேலை..."

"இவளுக்கு இல்லாத வேலையா உனக்கு? சட்டையைக் கழட்டி மாட்டு. இனிமே ஞாயித்துக்கிழமை நான் உன் பொறுப்பு. ஏம்மா, நீ போய்ப் படு. முடியலைதானே உனக்கு?"

அதெல்லாம் ஒன்றுமில்லை மாமா என்று சொல்ல வாயெடுத்தாள். யார் கேட்டாலும் அதைத்தான் சொல்லிப் பழக்கம். அன்று அது வரவில்லை.

"ஆமா மாமா" என்றாள். "முடியல."