மனசுத் தடியும் மூன்றாம் இலக்கமும்

தடி வந்த கதை

புது டொக்டர் வந்த முதற்கிழமையே என்னைக் கூப்பிட்டு, ஆளுயரப் பலகைத் தடியொன்றைக் கையில் தந்தார். வேலை போகப்போகிறது என்றுதான் நினைத்தேன். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். பெரியவர்கள் கூப்பிட்டாலே அந்த நினைப்புத்தான் வரும்.

எழுபதுகளின் தொடக்கம். திருகோணமலையில் ஓர் ஆஸ்பத்திரியின் மனநோய் வார்ட்டில் நான் அற்றென்டன், நோயாளரைப் பார்த்துக்கொள்ளும் உதவியாள். தடியில் கீழே பூச்சியம், மேலே பத்து. மனம் அடியோடு சோர்ந்திருந்தால் பூச்சியம், துள்ளிக் குதித்தால் பத்து. ஆள் தானே விரலை வைத்துக் காட்ட வேண்டும்.

"வார்ட்டில இருக்கிற வருத்தக்காரரையும் அளக்கவேணும், வருத்தம் இல்லாத ஆக்களையும் அளக்கவேணும். அப்பதான் சுகமான மனம் எவ்வளவு எண்டு தெரியும். நீர் வெளியில போய் அளந்துகொண்டு வாரும்," என்றார் டொக்டர்.

தடி முறிந்துவிடுமோ, யாராவது என்னைப் பிடித்து வார்ட்டுக்கே அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தோடு, அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு துறைமுக வாசலுக்குப் போனேன். முதலில் வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தடியில் முதுகை ஒட்டி நிமிர்ந்து நின்றார். பொலிசுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

வாசலடித் தேத்தண்ணிக்கடை முதலாளியின் மகளுக்கு அன்றுதான் ரீச்சர் வேலை கிடைத்திருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் முதலாளி தொதல் இனிப்புக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"முதலாளி, மனசு எப்படி?"

"அல்லாட காவல், ஏதோ நாள் போகுது," என்று விரலை மூன்றில் வைத்தார்.

"மூண்டுதானோ?"

யோசித்து இரண்டரைக்கு இறக்கினார்.

புதுமாப்பிள்ளைக் கிளார்க் ஒருவர் நாலில் வைத்தார். அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டில் என் மனைவியும் மூன்று, நானும் மூன்று. எனக்கு இதில் புதினமாக ஒன்றும் படவில்லை. கேட்டால் எல்லாரும் அப்படித்தானே சொல்வோம்.

எட்டு வைத்த மனிதர்

தடி வந்த கிழமை வார்ட்டுக்கு வந்தவர் ஹமீது நானா, இறக்கக்கண்டியில் கரைவலை இழுக்கிறவர். கடும் மனச்சோர்வோடு வந்து, சில கிழமைகளில் மருந்தில் தேறியிருந்தார். வலைக்காலம் தொடங்கப்போகிறது. வெள்ளிக்கிழமைக்குள் போகாவிட்டால் அவருடைய இடத்தில் வேறு ஆள் வலை இழுப்பான். அவர் விரலை எட்டில் வைத்தார்.

டொக்டர் நெற்றியைச் சுருக்கினார். "ஊரெல்லாம் மூண்டில நிக்குது, இவர் எட்டு. மிதமிஞ்சின சந்தோசமும் ஒரு வருத்தம்தான். இன்னும் ரெண்டு கிழமை வைச்சுப் பார்ப்பம்."

"பொய் சொன்னா மருந்தைக் கூட்டிடுவாங்க எண்டுதான் தம்பி உள்ளதைக் காட்டினனான்," என்றார் நானா என்னிடம்.

வியாழக்கிழமை டொக்டர் வார்ட்டுக்குள் சீட்டியடித்துக்கொண்டு வந்தார். கனகாலம் காத்திருந்து அவருக்கு முதற்பிள்ளை பிறந்திருந்தது.

"பிள்ளை கிடைச்சதாம் டொக்டர். எப்படி இருக்கிறியள்?" என்று நானா கேட்டார்.

"ஏதோ, கடவுள் புண்ணியத்தில பரவாயில்லை."

"தம்பி, தடியைக் கொண்டா."

எடுத்து டொக்டரிடம் நீட்டினேன். டொக்டரின் விரல் மேலே போய், வாசலில் நேர்ஸ்மார் நிற்பதைக் கண்டதும் இறங்கி நாலில் நின்றது.

"நாலுதானா?"

"ஆக்கள் பார்த்தா கண்ணூறு பட்டிடுமெல்லோ," என்ற டொக்டர் தன் விரலைக் குனிந்து பார்த்தார். விரல் நாலிலேயே இருந்தது.

"சுகமான ஆக்களுக்குத்தான் அந்தப் பயம் டொக்டர். பைத்தியம் எண்டு பேரெடுத்தவனுக்கு ஆர் கண்ணூறு வைக்கிறது? நான் எட்டு எண்டா எட்டுத்தான்."

டொக்டர் கதிரையில் அமர்ந்து, கண்ணாடியைக் கழற்றிவைத்துச் சிரித்தார். பிறகு என்னிடம், "இவர் வந்த நாள் எங்க வைச்சவர்?" என்றார்.

"விரலைத் தூக்க ஏலாமக் கிடந்தவர் டொக்டர். நான்தான் பிடிச்சுப் பூச்சியத்தில வைச்சனான். பிறகு ரெண்டு, அஞ்சு, இப்ப எட்டு."

நித்திரை, சாப்பாடு, கதைபேச்சு எல்லாம் அளவாக இருக்கிறதா என்று நானாவிடம் விசாரித்தார். இருந்தது.

"அப்ப ஏன் நான் இவரை ஊரோட வைச்சு அளந்தனான்? வீட்ட போங்கோ நானா. மருந்தை மட்டும் விடாதேங்கோ."

ஊருக்குப் போகும் நிலாவெளி பஸ்சுக்கு அவர் ஓடிய ஓட்டத்தில் விழுந்துவிடுவாரோ என்று நான் பதறினேன். "ஓடட்டும்," என்றார் டொக்டர், யன்னலால் பார்த்தபடி.

இந்த வேலைக்கு இப்போது வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒருவர் காட்டும் இலக்கத்தை அவருடைய நேற்றைய இலக்கத்தோடு பாருங்கள், அடுத்த வீட்டுக்காரருடையதோடு பார்க்காதீர்கள். அடுத்த வீட்டுக்காரரை அளந்தே ஆகவேண்டுமென்றால், முதலில் கதவைச் சாத்திவிடுங்கள்.